பல்லி தொட்ட கை

அத்தியாயம் 4

“இந்தப் பை உங்களுக்கு எப்படித் திரும்பி வந்தது, ரேவதி?” என்று நஸ்னீன் மேடம் கேட்டபோது ரயில் தாம்பரத்தைத் தாண்டியிருந்தது. நான் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

தின்றிருக்கக் கூடாது. எதிரே ஒரு பெண் அப்பாவைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தொலைந்த தர்மன் திருப்புட்குழியில் பயிர் செய்வதே வேர்க்கடலைதான். பொட்டலத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன். வாயில் இருந்ததை மெல்லவும் மனசில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்தேன். பல்வலிக்காரன் மாதிரி இருந்திருப்பேன்.

ரேவதிக்கு முப்பது தாண்டியிருக்கும். செவிலிமேட்டில் வீடு, சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் இதே ரயிலில் போய் இதே ரயிலில் வருகிறவள். அப்பா சென்னைக்கு வந்ததெல்லாம் உரத்துக்கும் கோர்ட்டுக்கும்தான். சுற்றிப் பார்க்க என்று ஒருநாளும் வந்ததில்லை. அதற்காகத் திங்கட்கிழமை அவரைக் கூட்டிப் போனாள். மெட்ரோ ரயில், மியூசியம், பீச் என்று திட்டம். சென்ட்ரல் மெட்ரோ ஸ்டேஷனில் ரயில் ஏறுவதற்கு முன்பே மனுஷர் காணாமல் போய்விட்டார்.

இன்று புதன். போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிகளில் விசாரித்தாயிற்று. திருப்புட்குழியில் இருக்கும் அம்மா அங்கம்மாளுக்கு மட்டும் இன்னும் தெரியாது. அவர் போன் செய்யும்போதெல்லாம் அப்பா செவிலிமேட்டு வீட்டில் தூங்குகிறார், குளிக்கிறார், மாடியில் காற்று வாங்குகிறார் என்று சொல்லி வந்திருக்கிறாள். “இவ்ளோ தூங்கற மனுஷன் இல்லியே அது” என்று அங்கம்மாள் இன்று சாயங்காலம் பஸ் ஏறுகிறார். அதற்குள் தர்மன் வீட்டில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் காலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து அழுதாள்.

எங்கள் அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பிரியாணிக் கடை மாடியில் ஓர் அறை. பெரும்பாலும் மாப்பிள்ளை குடிக்கிறானா என்று பார்த்துச் சொல்கிற வேலை. நஸ்னீன் மேடம் யோசிப்பார். யுவனாகிய நான் டீ வாங்கி வருவேன்.

“பையா? மெட்ரோ செக்யூரிட்டி அம்மா குடுத்தாங்க மேடம்” என்றாள் ரேவதி.

“உங்கப்பா அவங்ககிட்ட குடுத்தாரா?”

“ஆமா. என் ஹேண்ட்பேக். அதுலதான் அவர் போனும் இருந்தது.”

“காலைல இத சொல்லலியே நீங்க.”

ரேவதி ஜன்னலைப் பார்த்தாள்.

“தொலைஞ்சு போறவர் பொருளை ஒப்படைச்சிட்டா தொலைவார்?” என்றார் மேடம். “அவர் வழி தவறல. கிளம்பிப் போயிருக்கார்.”

எனக்குக் கடலை தொண்டையில் இறங்கியது.

பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையில் கூட்டத்தோடு மோதி, மெட்ரோ ஸ்டேஷனுக்குள் இறங்கினோம். மூன்று மாடி ஆழம். நகரும் படிக்கட்டில் கால் வைக்க பயந்து ஒரு குடும்பமே கைகோத்து நின்றது. அவர்களைத் தாண்டிப் போய் நானும் பயந்தேன், ஆனால் தனியாக. உள்ளே குளுகுளுவென்று ஏசி. வெளியே வெயிலில் வந்த உடம்புக்கு அது அப்படி ஒரு சுகம். வந்த வேலையை நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே காலரைத் தூக்கிக் காற்று விட்டுக்கொண்டேன்.

பைகளைச் சோதிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அந்த செக்யூரிட்டிப் பெண் நின்றிருந்தாள். சட்டையில் பிரியதர்ஷினி என்று பெயர்.

“காஞ்சிபுரம் பெரியவரா? அவர எப்படி மறப்பேன் மேடம்!” என்றாள். “அன்னிக்கு டூட்டிக்குக் கிளம்பும்போது என் தோள் மேல பல்லி விழுந்துடுச்சு. காலைலேர்ந்து மனசே சரியில்ல. இவர் வந்து நின்னாரு. எந்த ஊருன்னு கேட்டேன். காஞ்சிபுரம்னாரு. அப்ப பல்லி தொட்டிருப்பீங்களேன்னு கேட்டு, கைய நீட்டச் சொல்லி, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினேன். அதுக்கப்புறந்தான் சோறு எறங்குச்சு.”

காஞ்சிபுரத்துக்காரனாகப் பிறந்தால் வெளியூரில் இந்தக் கேள்வி தப்பாது. வரதராஜப் பெருமாள் கோயிலில் படியேறிப் போனால் உத்தரத்தில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும். போக முடியாதவர்கள், தொட்டுவிட்டு வந்தவரைத் தொட்டாலும் போதும் என்பார்கள்.

“நீங்களும் காஞ்சிபுரமா?” என்று பிரியதர்ஷினி ஆவலோடு மேடத்தைப் பார்த்தாள். “எங்க அம்மா மேலயும் போன வாரம் விழுந்துச்சு. அவங்க சார்பா...”

“எனக்கு அது வழக்கமில்லமா. இதோ, தம்பி இருக்கான்” என்று மேடம் என்னை முன்னால் தள்ளினார்.

“தொட்டிருக்கீங்களாண்ணா?”

என் கை அதுவரை தொட்டதிலேயே உயரமான பொருள் டவுன் பஸ்ஸின் மேல்கம்பி. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பள்ளிக்கூடம் படித்தவன். டிக்கெட் வாங்கி மேலே ஏற வெளியூர்க்காரர்கள் நின்ற வரிசையைக் கேலி செய்ததோடு சரி. ஆனால் அவள் தகவல் தரவேண்டிய சாட்சி.

“தொட்டிருக்கேன்மா” என்றேன். அவள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பையைக் குடுக்கும்போது என்ன சொன்னார்?” என்று மேடம் கேட்டார்.

“‘அந்தத் தூணுக்குப் பின்னாடி போன்ல அழுதுக்கினு இருக்குதே, அது எம்பொண்ணு. முடிச்சிட்டு வந்ததும் குடுத்துடும்மா’ன்னாரு. அப்புறம், இங்க பாய் எங்க கிடைக்கும்னு கேட்டாரு.”

“பாயா?”

“படுக்கற பாய் மேடம். வெளிய பிளாட்பாரக் கடை இருக்குன்னு சொன்னேன். இவங்க பைய வாங்கினதும் ஓடிட்டாங்க, இதச் சொல்ல நேரமே இல்ல.”

மேடம் ரேவதியைத் திரும்பிப் பார்த்தார். “ஆபீஸ்ல இருந்து சாதாரண போன்னு காலைல சொன்னீங்க. சாதாரண போனுக்கு அழுவாங்களா?”

ரேவதி துப்பட்டாவை விரலில் சுற்றினாள்.

மேலே வந்து சாலையைக் கடந்தோம். பிளாட்பாரத்தில் ஆனந்தராஜ் என்பவரின் கடை. பாய், பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்க், துண்டு எல்லாம் கயிற்றில் தொங்கின. தர்மனின் போட்டோவைப் போனில் காட்டியதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“நம்ம பல்லி பெரியவரு! எங்கப்பா அவரு? நான் தொட்டது பத்தாதுன்னு வீட்டுக்காரிய போன் போட்டு வரவச்சுத் தொட வச்சேன். பக்கத்துக் கடை, எதுத்த கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எல்லாரும் தொட்டாங்க. மனுஷன் கூச்சப்பட்டுக்கினே கைய நீட்டினாரு.”

“என்ன வாங்கினார்?”

“ஒரு பாய். ஒரு பிளாஸ்க். ரொட்டி எங்க கிடைக்கும்னு கேட்டாரு, மூலைக் கடைய காட்டினேன். ஏன் பெரியவரே, ஊர் பாக்க வந்துட்டு பாய எதுக்கு வாங்கறன்னேன். சிரிச்சாரு. நீங்களும் காஞ்சிபுரமா தம்பி?”

“இவரும் தொட்டிருக்கார்” என்றார் மேடம், இரக்கமே இல்லாமல்.

ஆனந்தராஜ் தொட்டார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நான்கு பேர் வந்து தொட்டார்கள். அவர்களில் ஒருவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் சந்தேகம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேடம் கடையின் நிழலில் ஒதுங்கி நின்றார். “யுவா, ஊர் சுத்திப் பாக்க வர்றவன் பிளாட்பாரத்துல என்ன வாங்குவான்?”

“கூலிங் கிளாஸ், தொப்பி, பொண்டாட்டிக்கு வளையல்.”

“பாய், பிளாஸ்க், ரொட்டி வாங்கறவன்?”

“அவன் ஆஸ்பத்திரிக்குப் போறவன்” என்று சொல்லிவிட்டு நானே அதிர்ந்தேன். உதவியாளன் விடை சொல்லும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

“அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம்!” என்றாள் ரேவதி. “கல்லு மாதிரி இருப்பார். ஆஸ்பத்திரிக்கு எதுக்கு...” அதோடு நின்றுவிட்டாள். முகம் வெளுத்தது. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“சொல்லுங்க” என்றார் மேடம், இந்த முறை மெதுவாக.

“மாசக் கடைசி மேடம். லீவு குடுக்க மாட்டாங்க. அப்பாவுக்கு ஊர் சுத்திக் காட்டணும்னு சொன்னா சிரிப்பாங்க. அதனால...” அவள் குரல் கீழே போயிற்று. “அப்பா ஐசியூல இருக்கார்னு சொல்லி லீவு போட்டேன்.”

ஆனந்தராஜ் வாளியின் விலையைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

“மெட்ரோல நிக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார். எந்த ஆஸ்பத்திரி, எப்படி இருக்கார்னு கேட்டார். பெரிய ஆஸ்பத்திரின்னு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். வந்து பாக்கறேன்னார். வேணாம் சார், உள்ள விடமாட்டாங்க சார்னு அழுதேன். நடிப்பாத்தான் ஆரம்பிச்சேன். பாதியில நிஜமாவே அழுகை வந்துடுச்சு மேடம். நல்லா இருக்கற மனுஷன பக்கத்துல நிக்க வச்சுக்கினு, படுத்திருக்கார்னு வாய் கூசாம சொல்றேனே...”

“தூணுக்கு அந்தப் பக்கம் அவர் நின்னிருக்கார்.”

“கேட்டிருப்பார்” என்றாள் ரேவதி. “கேட்டுட்டு மனசு உடைஞ்சு போயிட்டார்.”

“மனசு உடைஞ்சவர் பிளாஸ்க் வாங்க மாட்டார்” என்றார் மேடம். “எழுந்திருங்க.”

சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ரேவதி ஏற்கெனவே விசாரித்திருந்தாள். தர்மன் என்ற பெயரில் யாரும் சேரவில்லை என்று சொல்லியிருந்தார்கள். மேடம் விசாரணை ஜன்னல் பக்கமே போகவில்லை. வாசல் காவலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “நோயாளிங்க இல்லப்பா. கூட வந்தவங்க எங்க உக்காருவாங்க?”

மாடியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு நீளமான கூடம். பாய்கள், தூக்குவாளிகள், சுவரோரம் சாய்ந்து தூங்குகிறவர்கள். நடுவில் ஒரு வரிசை நின்றது. மாத்திரை வாங்கும் வரிசை என்று நினைத்தேன். வரிசையின் முனையில் மாத்திரை இல்லை. புதுப் பாயின் மேல், புது பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் வலது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். அவருடைய இடது கையை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா!”

தர்மன் நிமிர்ந்து பார்த்தார். மகளைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் அன்று இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தேன். அவ்வளவுதான். தலையைப் பாயில் சாய்த்து, துண்டால் வாயைப் பொத்தி, நெஞ்சு பிளக்கிற மாதிரி இருமத் தொடங்கினார்.

“ஐயோ, என்னப்பா ஆச்சு?” என்று ரேவதி விழுந்தடித்து ஓடினாள்.

“வாங்க சார்” என்றார் அவர் என்னிடம், இருமலுக்கு நடுவில், ஈனக் குரலில். “எம்பொண்ணு மேல ஒண்ணும் தப்பில்ல சார். என்னாலதான் லீவு. ஐசியூல எடம் இல்லன்னு இங்க போட்டிருக்காங்க.”

வரிசை கலைந்து என்னைப் பார்த்தது. இவ்வளவு நாள் துப்பறிந்தும் என்னை ஒருவர்கூட மேனேஜர் என்று நினைத்ததில்லை. அந்தப் பெருமை ஒரு நொடி இருந்தது. பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தார்.

“ஐயா, நான் மேனேஜர் இல்ல” என்றேன். “நான் டீ வாங்கறவன்.”

இருமல் நின்றது. தர்மன் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். “அப்ப மேனேஜர் எங்க?”

“இதுக்காகவாப்பா இங்க வந்து உக்காந்தே?” என்றாள் ரேவதி. குரல் உடைந்தது. “நான் உன்ன எங்கெல்லாம் தேடினேன்!”

“எங்கெல்லாம் தேடினியா? ஆஸ்பத்திரின்னு நீதானேம்மா அவருகிட்ட சொன்னே? அவரு வந்தா நீ இங்கதானே கூட்டிக்கினு வரணும்? ஆள் இல்லன்னா உன் வேலை போயிடுமே. உன் நம்பர் மனசுல இல்ல. உங்கம்மா நம்பர்தான் மனப்பாடமா தெரியும், போன் போட்டிருப்பேன். போட்டா அவ வந்துடுவா. அவ வந்தா இந்தப் பொய் நிக்குமா?”

இதில் எங்கே தப்பு என்று நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. மேடமும் தேடியிருப்பார் போல.

“அப்பா” என்றாள் ரேவதி. “மேனேஜர் ஆனந்தகுமார் சார் பெங்களூர்ல இருக்கார்.”

“வந்துக்கினு இருக்காரா?”

“வரமாட்டார்பா. நான் அவர நேர்ல பாத்ததே இல்ல. கம்ப்யூட்டர்லதான் பேசுவார். சென்னைப் பக்கம் வந்தா பாக்கறேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னார். போனை வச்சதும் மறந்திருப்பார்.”

தர்மனுக்குப் புரிய நேரம் பிடித்தது. “எங்க பக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கறேன்னு சொன்னவன் வராம இருந்ததில்லியேம்மா” என்றார். பேன்ட் சட்டையோடு மாடிப்படி ஏறி வருகிறவர்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அப்ப நான் ரெண்டு நாளா யாருக்கு இருமிக்கினு இருந்தேன்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ரேவதியின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அவள் போனை எடுத்தாள். “வேணாம்மா, வேலை போயிடும்” என்று தர்மன் கையைப் பிடித்தார். அவள் விலக்கிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

“சார், ரேவதி பேசறேன். எங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. ஐசியூன்னு நான் சொன்னது பொய். ஊர் சுத்திக் காட்டறதுக்காக லீவு போட்டேன்.”

மறுமுனையில் விரல்கள் கீபோர்டில் ஓடும் சத்தம் கேட்டது.

“எந்த ரேவதி? சென்னை டீமா?” என்றது குரல். “ஓகேங்க. அந்த லீவ சம்பளமில்லாத லீவா மாத்திக்கங்க. இனிமே இப்படிப் பண்ணாதீங்க. மாசக் கடைசி ரிப்போர்ட் நாளைக்கு வேணும்.”

வைத்துவிட்டார்.

“இவ்ளோதானா?” என்றார் தர்மன்.

“இவ்ளோதான்பா” என்றாள் ரேவதி. அவ்வளவுதான் என்பதுதான் அவளைத் தாக்கியிருக்க வேண்டும். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். அவர் தட்டிக்கொடுக்கக்கூட ஒரு கை இல்லாமல் தவித்தார். வலது கையை வரிசையில் நின்ற ஒருவர் தொட்டுக்கொண்டிருந்தார். இடது கை அந்த அம்மாளிடம் இருந்தது.

“சரி, கிளம்பலாம்” என்றார் மேடம். “இப்ப ரயில் புடிச்சாத்தான் உங்க அம்மா வர்றதுக்குள்ள வீட்ல இருக்கலாம்.”

தர்மன் எழவில்லை.

“ஒரு காரியம் பாக்கி இருக்குதும்மா” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னார்: “பொன்னியம்மா, உன் வீட்டுக்காரர தியேட்டருக்குள்ள கூட்டிக்கினு போனதுல இருந்து என் கைய விடாம புடிச்சிருக்கே. உன்கிட்ட மட்டுமாவது சொல்லிடணும். நான் அந்தப் பல்லியத் தொட்டதில்ல. மொதல்ல அந்த மெட்ரோப் பொண்ணு கேட்டுச்சு. பயந்துபோய் இருந்துச்சு. ஆமான்னுட்டேன். அதுக்கப்புறம் எப்படி நிறுத்தறதுன்னு தெரியல.”

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வலது கை தானாகவே பாக்கெட்டுக்குள் போய்ச் சாத்துக்குடியில் முட்டி நின்றது.

பொன்னியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் தியேட்டர் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“நானும் தொட்டதில்ல பெரியவரே. எனக்குச் சின்ன காஞ்சிபுரந்தான். கோயில் மணி அடிச்சா எங்க வீட்ல கேக்கும். இன்னிக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருந்துட்டேன்.”

“அப்ப என் கைய எதுக்கும்மா புடிச்சே?”

“இந்த ஊர்ல எனக்கு யாரும் இல்ல. அவரை உள்ள கூட்டிக்கினு போயிட்டாங்க. நீங்க பேசறது காதுல விழுந்துச்சு, நம்ம ஊர்ப் பேச்சு. எல்லாரும் வரிசையில வந்து புடிக்கிறாங்களேன்னு நானும் புடிச்சேன். மத்தவங்க விட்டாங்க. நான் விடல.”

தர்மன் இடது கையை அப்படியே வைத்திருந்தார். ரயிலைப் பற்றி மேடமும் மறுபடி பேசவில்லை; சுவரோரமாக இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

ரேவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனில் அம்மாவைக் கூப்பிட்டாள். “அம்மா, செவிலிமேட்டுக்கு வராத. அப்பா அங்க இல்ல. திங்கக்கிழமையில இருந்தே இல்ல. நான் உன்கிட்ட பொய் சொன்னேன்... இல்லமா, நல்லா இருக்கார்... சாப்பிட்டார்... ஆஸ்பத்திரில... ஐயோ, அவருக்கு இல்லமா, கத்தாத. ஒருத்தருக்குத் துணைக்கு உக்காந்திருக்கார்.” அங்கம்மாளின் திட்டு கூடம் முழுக்கக் கேட்டது. ரேவதி போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டாள். தர்மன் போனை வாங்கப் பார்த்தார், அவள் கொடுக்கவில்லை.

தியேட்டர் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

“பொன்னியம்மா, உங்க வீட்டுக்காரர் வீரபத்திரனுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது, நல்லா இருக்கார். இவங்க கூட யாராவது இருக்கீங்களா? ஒரு ஆள் மருந்து வாங்க ஓடணும்.”

பொன்னியம்மாள் தர்மனின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் நகர்வதற்குள் ரேவதி எழுந்துவிட்டாள்.

“இருக்கோம் சிஸ்டர்” என்றாள். “சீட்டைக் குடுங்க.”